ஒரே வயது, ஒரே வழக்கு, இரண்டு தீர்ப்பு

58 முடிந்த அன்று எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். ஆண் பெண் எல்லாருக்கும் எங்கள் கம்பெனியில் அதே 58தான். அதனால் ஓய்வு வயது என்பதில் சண்டைக்கு இடமிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எதிர்வீட்டுக்காரரின் பேத்தி சட்டம் படிக்கிறாள். இந்த வருஷம் விருப்பப் பாடமாக ஐரோப்பிய யூனியன் சட்டம் எடுத்திருக்கிறாள். நான் முப்பது வருஷம் கம்பெனியின் சட்டப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால், "தாத்தா, டைரக்டிவ்னா என்ன, அது தனியாருக்கு ஏன் செல்லாது?" என்று புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் தெரியாது. இரண்டு வாரம் அவளுடைய புத்தகங்களை வாங்கிப் படித்தேன். சட்டப் புத்தகம் என்று கையில் எடுத்தது கடைசியில் கதைப் புத்தகமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டைரக்டிவ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் பணிப்புரை, நெறியுரை என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை, டைரக்டிவ் என்றே போகிறேன். 1957ல் ஆறு நாடுகள் ரோமில் கையெழுத்துப் போட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உண்டாக்கின. அந்த ஒப்பந்தத்தின் 189ஆம் பிரிவு, சமூகம் போடும் சட்டங்களை வகை பிரித்தது. ரெகுலேஷன் என்று ஒன்று. அது வெளியானதும் எல்லா நாட்டிலும் எல்லார் மேலும் நேராகப் பாயும். டைரக்டிவ் அப்படி இல்லை. அது உறுப்பு நாட்டு அரசுக்கு எழுதிய கடிதம் மாதிரி. "இன்ன பலன் கிடைக்க வேண்டும், இந்தத் தேதிக்குள் உங்கள் ஊர்ச் சட்டத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், எப்படி மாற்றுவது என்பது உங்கள் பாடு" என்பதுதான் அதன் சாரம்.

தேதி தாண்டியும் அந்த நாடு சட்டத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தால்? அரசாங்கக் கெடு என்றால் என்ன கதி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாததா! ஐரோப்பாவிலும் அப்படித்தான். இத்தாலி இந்த விஷயத்தில் பேர் போன நாடு. அப்படி மாற்றாமல் விட்டால், டைரக்டிவ் கொடுப்பதாகச் சொன்ன உரிமையைச் சாதாரண மனிதன் கோர்ட்டில் கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அரசாங்கத்துக்கு எதிராகக் கேட்கலாம் என்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1974ல் சொன்னது. காரணம் தெளிவாக விளங்குவது 1979ல் வந்த ராத்தி வழக்கில். இத்தாலியில் கரைப்பான் தயாரிக்கும் கம்பெனி ஒன்று. டப்பா மேல் என்னென்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு டைரக்டிவ் இருந்தது. கம்பெனி அதன்படி லேபிள் ஒட்டியது. இத்தாலியின் 1963 சட்டமோ அதைவிடக் கூடுதலாக எழுதச் சொன்னது. டைரக்டிவுக்கு ஏற்ப மாற்றியிருக்க வேண்டிய அந்தச் சட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதன்படியே கம்பெனிக்காரர் மேல் கிரிமினல் வழக்கும் போட்டார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாத அரசு, தான் செய்யாததையே காட்டி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே ஆள் வார்னிஷ் டப்பாவிலும் வேறொரு டைரக்டிவைப் பின்பற்றியிருந்தார். ஆனால் அதற்கான கெடு இன்னும் முடியவில்லை, ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஒரே கடை, இரண்டு டப்பா, இரண்டு முடிவு. இந்த மாதிரி இரட்டைகள் இந்தக் கதை முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

இனி ஓய்வு வயதுக்கு வருகிறேன்.

மார்ஷல் என்ற அம்மையார் இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பகுதியின் அரசு சுகாதார ஆணையத்தில் 1974 முதல் மூத்த டயட்டீஷியனாக வேலை பார்த்தார். அங்கே விதி, அரசு பென்ஷன் எப்போது வருமோ அப்போது ஓய்வு. பெண்களுக்கு அது 60, ஆண்களுக்கு 65. இவருக்கு 60க்கு மேலும் கொஞ்ச காலம் வேலை நீட்டித்துக் கொடுத்தார்கள். 62 முடிந்த சில வாரங்களில், 1980 மார்ச் 31ல், அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்று. அவர் பெண், பெண்ணுக்குரிய வயது தாண்டிவிட்டது. ஆணாக இருந்திருந்தால் அன்றைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். இது ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம், யாரும் மறுக்கவில்லை.

பிரிட்டனில் 1975லேயே ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஓய்வு தொடர்பானவற்றுக்கு அதில் விலக்கு. ஐரோப்பியச் சமூகம் 1976ல் வேலையில் சம நடத்தை பற்றி ஒரு டைரக்டிவ் போட்டது. 1978க்குள் நாடுகள் சட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். பிரிட்டன் தன் விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே உள்ளூர்ச் சட்டப்படி அம்மையாருக்கு ஒன்றும் இல்லை, டைரக்டிவ்படி எல்லாம் இருக்கிறது.

வழக்கு லக்சம்பர்குக்குப் போய், 1986 பிப்ரவரி 26ல் தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு பகுதி. ஒன்று, டைரக்டிவ் என்பது அரசுக்குப் போட்ட கட்டளை, அது தன்னளவில் ஒரு தனியார் மேல் எந்தக் கடமையையும் சுமத்தாது. கேட்டதும் அம்மையாருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். இரண்டாவது பகுதி, சுகாதார ஆணையம் தனியார் அல்ல, அது அரசின் அங்கம். அரசு முதலாளியாக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும் அரசுதான், தன் தவறிலிருந்து லாபம் பார்க்கக் கூடாது. ஆகவே அம்மையார் ஜெயித்தார்.

பிரிட்டன் தரப்பு ஒரு நல்ல வாதம் வைத்தது. இப்படிச் சொன்னால் அரசு ஊழியருக்கு ஒரு நியாயம், தனியார் ஊழியருக்கு வேறு நியாயம் என்று ஆகுமே, இது சரியா என்று கேட்டது. நீதிமன்றம் சொன்ன பதிலில் எனக்கு ஒரு குசும்பு தெரிகிறது. நீங்கள் டைரக்டிவை ஒழுங்காகச் சட்டமாக்கியிருந்தால் இந்த வித்தியாசமே வந்திருக்காதே என்றார்கள். வாதத்துக்குச் சரியான பதில்தான். ஆனால் தனியார் கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணுக்கு அது பதில் இல்லை.

அப்படி ஒரு பெண் இருந்தார். டியூக் என்பது பெயர், வேலை பார்த்தது ஒரு தனியார் கம்பெனியில். அங்கும் ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60. அவரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அதே நாடு, அதே 1975 சட்டம், அதே டைரக்டிவ். 1988ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. 1975 சட்டம் 1976 டைரக்டிவை நிறைவேற்றுவதற்காகப் போட்டதல்ல, அதன் சொற்களை வளைத்து டைரக்டிவுக்குப் பொருத்த முடியாது என்று சொல்லி அவர் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். நடுவில் 1986லேயே பிரிட்டன் புதுச் சட்டம் கொண்டுவந்து தனியாருக்கும் ஓய்வு வயதைச் சமமாக்கிவிட்டது. ஆனால் அது முன்தேதியிட்டு வரவில்லை, டியூக் அம்மையாருக்கு உதவவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். சம்பளம் யார் கொடுக்கிறார் என்பதைத் தவிர இந்த இருவருக்கும் வித்தியாசம் என்ன?

அடுத்து எழுந்த கேள்வி எனக்கு மிகவும் பழகியது. எது அரசு? என் கம்பெனி பொதுத்துறை. யாராவது ரிட் போட்டால், நாங்கள் அரசியல் சட்டம் 12ஆம் பிரிவில் சொல்லும் 'அரசு' அல்ல என்று எத்தனை பிரமாணப் பத்திரம் டைப் அடித்திருப்பேன்! டெண்டர் விடும்போது அரசு நிறுவனம், வழக்கு வந்தால் வெறும் கம்பெனி. சாயபு கடை தராசு மாதிரி என்று எங்கள் மேனேஜர் சிரிப்பார். பிரிட்டனிலும் அதே கூத்து நடந்தது.

பிரிட்டிஷ் கேஸ் 1986 ஆகஸ்டில் தனியார்மயமானது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1985 கடைசியிலும் 1986 நடுவிலுமாக, சில பெண்களை 60 வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்போது அது நாட்டுடைமை. 1990ல் லக்சம்பர்க் சொன்ன இலக்கணம் இது. சட்ட வடிவம் என்னவாகவும் இருக்கட்டும், அரசு ஒப்படைத்த பொதுச் சேவையை, அரசின் கட்டுப்பாட்டில், தனி நபர்களுக்கு இல்லாத சிறப்பு அதிகாரங்களோடு செய்கிற நிறுவனத்தின் மேல் டைரக்டிவைக் காட்டலாம். பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் ஊழியர் ஒருவர் தோற்றார். அவர் ஓய்வு பெற்ற காலத்தில் அந்தக் கம்பெனியின் பங்குகள் முழுக்க அரசின் கையில்தான் இருந்தன. இருந்தும் எஞ்சின் செய்து விற்பது பொதுச் சேவை அல்ல, சிறப்பு அதிகாரமும் இல்லை என்று 1992ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேஸ் கொடுத்தால் அரசு, எஞ்சின் செய்தால் தனியார்.

நீதிமன்றத்துக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். சுவரை இடிக்காமல் பக்கத்தில் ஜன்னல் வைக்க ஆரம்பித்தார்கள். முதல் ஜன்னல், பொருள்கோள். உள்ளூர்ச் சட்டத்தை முடிந்தவரை டைரக்டிவுக்கு ஒத்துவரும்படி படிக்க வேண்டும் என்றார்கள். ஜெர்மனியில் ஆண்கள் சிறை ஒன்றில் சமூகப் பணியாளர் வேலைக்கு மனுப் போட்ட இரண்டு பெண்களை, பெண் என்பதற்காகவே ஒதுக்கினார்கள். உள்ளூர்ச் சட்டத்தில் கிடைப்பது போக்குவரத்துச் செலவு மட்டும். ஒருவருக்கு அது 7.20 மார்க்! இதெல்லாம் நஷ்டஈடா, சட்டத்தை டைரக்டிவின் வெளிச்சத்தில் படியுங்கள் என்றது 1984ல் லக்சம்பர்க். 1990ல் ஸ்பெயினின் மார்லீசிங் வழக்கில், இரண்டு தனியார் கம்பெனிகள் மோதிக்கொண்ட இடத்திலும், டைரக்டிவுக்கு முன்னாலேயே வந்த பழைய சட்டமாக இருந்தாலும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்றார்கள். டியூக் அம்மையாருக்கு இரண்டு வருஷம் பிந்தி வந்தது. ஆனால் உள்ளூர்ச் சட்டத்தில் படிப்பதற்கே ஒன்றும் இல்லாவிட்டால் இந்த ஜன்னலால் பயனில்லை.

இரண்டாவது ஜன்னல் 1991ல் வந்த ஃபிரான்கோவிச் வழக்கு. முதலாளி திவாலானால் தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கு ஒரு நிதி இருக்க வேண்டும் என்று 1980ல் டைரக்டிவ். கெடு 1983 அக்டோபர். இத்தாலி அசையவில்லை, அதற்காக 1989ல் லக்சம்பர்க் கண்டித்தும் பார்த்துவிட்டது. விசென்சாவில் ஒரு கம்பெனியில் அரையும் குறையுமாகச் சம்பளம் வாங்கி வந்த தொழிலாளி வழக்குப் போட்டு சுமார் 60 லட்சம் லிரா பாக்கி என்று தீர்ப்பும் வாங்கினார். அமீனா ஜப்திக்குப் போனால் எடுக்க ஒன்றும் இல்லை. அவரோடு, திவாலான ஒரு துணிக் கம்பெனியின் பெண் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். சட்டமாக்காததால் குடிமகனுக்கு வந்த நஷ்டத்தை அரசே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் பெரிய தீர்ப்பு அது, எல்லா நாட்டு மாணவர்களும் இன்றைக்கும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய மனிதருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? திவால் நடவடிக்கைக்கு உட்படக்கூடிய முதலாளிகளின் ஆட்களுக்குத்தான் அந்த டைரக்டிவ், இவர் முதலாளி அதில் வரமாட்டார் என்று 1995ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சுவர் இடியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தது 1994ல். எனக்கு மிகவும் பிடித்த வழக்கும் இதுதான், ஏனென்றால் இது நமக்கும் நடக்கும். 1989 ஜனவரி 19. மிலான் சென்ட்ரல் ரயில் நிலையம். ஃபாச்சினி டோரி என்ற பெண்ணை ஒரு விற்பனை ஆள் பிடித்து, தபால் வழி ஆங்கிலப் பயிற்சி என்று பேசி, கையெழுத்து வாங்கிவிட்டார். சென்ட்ரலில் வண்டிக்குக் காத்திருக்கும்போது கிரெடிட் கார்டு தலையில் கட்டுவார்களே, அதே வேலை. வீட்டுக்குப் போய் யோசித்தார் போலிருக்கிறது. நாலே நாளில், 23ஆம் தேதி, வேண்டாம் என்று பதிவுத் தபால் அனுப்பினார். கம்பெனி அந்தக் கடனை ரெக்ரெப் என்ற இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டது. அவர்கள் 3,61,000 லிராவும் வட்டியும் செலவும் கேட்டு ஃபுளோரன்சில் வழக்குப் போட்டார்கள்.

கடைக்கு வெளியே ஆளை மடக்கி விற்றால், வாங்கியவர் மனம் மாறிக்கொள்ளக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்று 1985லேயே டைரக்டிவ் வந்துவிட்டது. சட்டமாக்கக் கெடு 1987 டிசம்பர். இத்தாலி அதைச் சட்டமாக்கியது 1992ல். இந்தப் பெண் கையெழுத்துப் போட்டதோ இரண்டுக்கும் நடுவில். நாலு நாளில் திரும்பப் பெற்றிருக்கிறார், டைரக்டிவ்படி சரியாகச் செய்திருக்கிறார். இரு பக்கமும் தனியார்.

நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அட்வகேட் ஜெனரல் லென்ஸ், இனிமேல் தனியாருக்கிடையிலும் டைரக்டிவ் செல்லும் என்று சொல்லிவிடுங்கள் என்று நீண்ட கருத்துரை எழுதினார். ஒரே சந்தை என்று சொல்லிக்கொண்டு, மிலானில் வாங்குகிறவருக்கு ஒரு நியாயம், அடுத்த நாட்டில் வாங்குகிறவருக்கு ஒரு நியாயமா என்பது அவர் வாதத்தின் ஒரு பக்கம். ஆனால் அவர்கூட வருங்காலத்துக்குத்தான் சொன்னார். பழைய வழக்குகளில் இடி இறக்கக் கூடாது என்று நினைத்தார். அதாவது அவர் ஜெயித்திருந்தாலும் இந்தப் பெண்ணுக்கு லாபமில்லை.

1994 ஜூலை 14ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தனிமனிதர் மேல் உடனடியாகக் கடமை சுமத்தும் அதிகாரத்தை ஒப்பந்தம் ரெகுலேஷனுக்குத்தான் கொடுத்திருக்கிறது, டைரக்டிவுக்கும் அதைக் கொடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசமே போய்விடும் என்றார்கள். உள்ளூர்ச் சட்டத்தை வளைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் இத்தாலி அரசிடம் நஷ்டஈடு கேளுங்கள். 3,61,000 லிராவுக்காக ஒரு பெண் இத்தாலி அரசின் மேல் வழக்குப் போட வேண்டுமாம்!

கோபமாக எழுதுகிறேனே தவிர, மறுபக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு சின்னக் கடைக்காரர் தன் நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து, அதன்படி நேர்மையாக வியாபாரம் செய்கிறார். அரசு செய்யத் தவறிய ஒன்றுக்காக அவரை ஏன் தண்டிக்க வேண்டும்? டைரக்டிவுகளை எல்லாம் அரசிதழில் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதிகூட 1993 வரை இல்லை. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ அந்தப் பொண்ணை மட்டும் ஏன் தாத்தா தண்டிக்கணும்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, காபி குடிக்கப் போய்விட்டேன்.

மார்ஷல் அம்மையார் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். 1986ல் ஜெயித்தார் இல்லையா, பணம்? தீர்ப்பாயம் அவர் நஷ்டத்தை 18,405 பவுண்டு என்று கணக்கிட்டது. அதில் 7,710 வட்டி. மன வேதனைக்கு 1,000 சேர்த்து 19,405. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் உச்சவரம்பு 6,250தான், வட்டி தரவும் இடமில்லை என்று ஆணையம் சண்டை போட்டது. திரும்பவும் லக்சம்பர்க். நஷ்டம் முழுதாக ஈடாக வேண்டும், வரம்பும் செல்லாது, வட்டியும் தர வேண்டும் என்று 1993 ஆகஸ்டில் இரண்டாவது தீர்ப்பு. வேலையை விட்டு அனுப்பும்போது 62 வயது, இந்தத் தீர்ப்பு வரும்போது 75. இதில் ஒரு வேடிக்கை, அவரும் அரசாங்க ஊழியராக இருந்ததால்தான் அந்த வட்டி.

அதற்குப் பிறகு சுவர் இன்னும் நிற்கிறதா என்று பேத்தி கேட்டாள். நிற்கிறது, ஆனால் ஓட்டைகள் கூடியிருக்கின்றன. ஜெர்மனியில் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை 28ல் நீக்கினார்கள். 25 வயதுக்கு முன் செய்த வேலை நோட்டீஸ் காலக் கணக்கில் சேராது என்று உள்ளூர்ச் சட்டம். பத்து வருஷ உழைப்பு மூன்று வருஷமாகச் சுருங்கிவிட்டது. 2010ல் லக்சம்பர்க் சொன்னது, வயதால் பாகுபாடு கூடாது என்பது ஐரோப்பியச் சட்டத்தின் பொதுக் கொள்கை, டைரக்டிவ் அதற்கு உருவம் கொடுத்திருக்கிறது, கொள்கைக்கு முரணான உள்ளூர்ச் சட்டத்தைத் தனியார் வழக்கிலும் ஒதுக்கி வையுங்கள். டைரக்டிவ் முன்வாசல் வழியாக வரக்கூடாது, கொள்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாக வரலாம்.

கடைசியாக அயர்லாந்தின் இரண்டு வேன்கள். வாகனத்தில் போகும் எல்லாப் பயணிகளுக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று 1990ல் டைரக்டிவ். அயர்லாந்துக்குக் கெடு 1995 டிசம்பர் 31. அயர்லாந்துச் சட்டமோ, சீட் இல்லாத வேனின் பின்பக்கம் உட்கார்ந்து போகிறவர்களை விட்டுவிட்டது. 1996 ஜனவரியில், கெடு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்படிப் போன ஒரு பெண் விபத்தில் அடிபட்டார். ஓட்டியவருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது, இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளுக்காக எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் பீரோவிடம். 1999ல் இன்னொரு வேன், அதிலும் சீட் இல்லை, இன்னொருவர் அடிபட்டார். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஆகவே கேட்க வேண்டியது தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம்.

முதல் வழக்கில், பீரோ தனியார் அமைப்பாக இருந்தாலும் அரசு ஒப்படைத்த பொதுப் பணியைச் செய்கிறது, அதன் மேல் டைரக்டிவைக் காட்டலாம் என்று 2017 அக்டோபரில் தீர்ப்பு. இரண்டாவதில், அயர்லாந்து உயர் நீதிமன்றம் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போக, தனியார் கம்பெனிக்கு எதிராக உள்ளூர்ச் சட்டத்தை ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நஷ்டப்பட்டவர் அரசிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று 2018 ஆகஸ்டில் லக்சம்பர்க் சொன்னது. இன்சூரன்ஸ் இல்லாத வேனில் அடிபட்டால் டைரக்டிவ் உண்டு, இன்சூரன்ஸ் உள்ள வேனில் அடிபட்டால் இல்லை.

பேத்தி நோட்டில் இரண்டு வேன் படம் போட்டு, ஒன்றுக்கு டிக், இன்னொன்றுக்கு இன்ட்டு போட்டுக்கொண்டாள். அவளுக்கு செவ்வாய்க்கிழமை பரீட்சை.